எந்தக் கதவுக்கான டோக்கன்

"எங்க வீட்டுல ஒரு லைப்ரரியையே பார்த்துக்கிறாங்க" என்று தையல்காரர் ஒருநாள் பெருமையாகச் சொல்லிவிட, மாடி வீட்டு அம்மாள் மறுநாளே வாரப் பத்திரிகை இரவல் கேட்டு வந்து நின்றாள். அதில் புத்தகம் கிடையாது, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று விளக்கப் போய், "கொடுக்க மனசில்லேன்னா நேரா சொல்லலாமே" என்று அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படியேறியதுதான் மிச்சம்.

தையல்காரரின் மனைவிக்குப் பார்சல் கம்பெனி அலுவலகத்தில் வேலை. நாற்காலியை விட்டு எழுந்தால், தண்ணீர் குடிக்கப் போனால்கூட, கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். அதனால் அங்கே அவளுக்குப் பூட்டுக்காரம்மா என்று பெயர். தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் பார்சல் கணக்குப் போடும் மென்பொருள் அடிக்கடி மக்கர் பண்ணியது. சரிசெய்ய ஆள் வருவதற்குள் பாதி நாள் போய்விடும். இதற்குள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று திறந்து பார்த்தவள்தான், பிறகு மூடவில்லை. மற்றவர்கள் எழுதிய நிரல்களை வரி வரியாகப் படித்தாள். புரியாததை எழுதியவரிடமே கடிதம் போட்டுக் கேட்டாள். தப்பு கண்ட இடத்தில் திருத்தி அனுப்பினாள். முதலில் அனுப்பிய திருத்தங்கள் எல்லாம் காரணத்தோடு திரும்பி வந்தன. அந்தக் காரணங்களே அவளுக்குப் பாடமாயின.

மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. சட்டை தைக்கிற தையல்காரர் பொத்தானைத் தானே வார்ப்பதில்லையே, அதுபோல. யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருப்பதை எடுத்துத் தங்கள் மென்பொருளில் வைத்துத் தைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நிரல் தொகுப்புக்குத்தான் லைப்ரரி என்று பெயர். பூட்டுக்காரம்மாவின் லைப்ரரி செய்வது காவல் வேலை. ஒருவர் யார் என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்டு அவருக்கு ஒரு டோக்கன் கொடுப்பார்கள். இது யாருடையது, எதுவரை செல்லும், எந்தக் கதவுக்கு என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு கதவிலும் டோக்கனை வாங்கிப் பார்த்து, இவரை விடலாம், இவரை விடக்கூடாது என்று சொல்ல வேண்டியது லைப்ரரியின் பொறுப்பு.

அதை முதலில் எழுதியவர் வேறொரு தேசத்துக்காரர். பல வருஷம் தனியாளாகக் கட்டி இழுத்து அலுத்துப்போய், யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று பொதுவில் கேட்டார். பயன்படுத்துகிறவர்கள் எக்கச்சக்கம், கை தூக்கியவள் இவள் ஒருத்திதான். சம்பளம் என்ன என்று தையல்காரர் கேட்டார். சம்பளம் கிடையாது என்றாள். "அப்போ வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் காஜா எடுக்கப் போய்விட்டார்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பு இருப்பதாக யாராவது சொன்னால் உடனே திருத்த உட்கார மாட்டாள். முதலில் அந்தத் தப்பைப் பிடித்துக் காட்டுகிற ஒரு சோதனையை எழுதுவாள். அது தோற்க வேண்டும். தோற்றால்தான் தப்பு நிஜம். திருத்திய பிறகு அதே சோதனை வெல்ல வேண்டும். வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து போடக் கூடாது என்பாள்.

தூரத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கும் வாத்தியார் ஒருவர் அவளுக்குத் தனியாகக் கடிதம் எழுதினார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக லைப்ரரியைக் குடைந்தபோது ஓர் ஓட்டை கண்ணில் பட்டதாம். 'எந்தக் கதவுக்கு' என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தால் லைப்ரரி ஒழுங்காகப் படிக்கிறது. அதே கட்டத்தில் பெயர்கள் பட்டியலாக வந்தால் அதற்குப் படிக்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லித் தடுத்திருந்தால் பரவாயில்லை. கட்டம் காலி என்று எடுத்துக்கொள்கிறது. கட்டம் காலியாக இருந்தால் எல்லாக் கதவுக்கும் செல்லும் என்று ஆதிகாலத்து விதி ஒன்று உள்ளே கிடக்கிறது. கையெழுத்து புரியாத காவலாளி, எதுவும் எழுதலை, போங்க என்று கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான்.

அவள் சோதனையை எழுதினாள். சமையலறைச் சாவியை நீட்டினால் கஜானா திறக்கக் கூடாது; திறந்தது. சோதனை படு தோல்வி.

திருத்தம் சில வரிகள்தான். ஆனால் அதை உடனே வெளியிட முடியாது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டை இருப்பதை ஊரறியச் சொல்வதற்கு முன், லைப்ரரியைப் பெரிய அளவில் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லி, அடைத்துக்கொள்ள அவகாசம் கொடுப்பார்கள். குறித்த நாள் வரை யாரும் மூச்சு விடக் கூடாது. அன்று எல்லோரும் ஒன்றாக வெளியிடுவார்கள். அவள் அதை வாய்ப்பூட்டுக் காலம் என்பாள். அந்தப் பூட்டுக்கு ஒரு விதிவிலக்குதான். ஓட்டை வழியாக ஏற்கெனவே ஆள் நுழைந்துவிட்டால், இரகசியம் காப்பதில் அர்த்தமில்லை; அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

எல்லோருக்கும் எழுதினாள், நாளும் குறித்தாள். மற்றவர்கள் நன்றி சொல்லித் தயாரானார்கள். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு கம்பெனி மட்டும் நாளைத் தள்ளச் சொன்னது. தள்ளினாள். மறுபடியும் கேட்டது. அந்தக் கம்பெனி மேலாளர் போனில் பேசினார். குரலில் வெண்ணெய் வழியும். அவர்கள் டோக்கன்களில் கதவுப் பட்டியல் இருக்கிறதாம். ஆனால் பல இடங்களில் அது தப்புத் தப்பாக இருக்கிறதாம். ஓட்டை இருந்ததால்தான் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் வண்டி ஓடியிருக்கிறது. திருத்தம் வந்தால் நியாயமாகத் திறக்க வேண்டிய கதவுகளும் அடைத்துக்கொள்ளும். பட்டியல்களைச் சரிசெய்ய நேரம் வேண்டும். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் நோயாளிகள் இருக்கிற இடம் என்று இரண்டாவது முறையும் தள்ளிக் கொடுத்தாள். கணவரிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் நாத்தனார் வந்தாள்.

தையல்காரரின் தங்கை பெரிய மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். டியூட்டி நேரத்தில், சீருடையைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்றாள். மூலைக் கட்டில் நோயாளிக்குப் போட வேண்டிய ஊசி போடப்படவில்லை. ஆனால் மருந்துப் பதிவில் 'போடப்பட்டது' என்று இருக்கிறது. இவள் பெயரில் இருக்கிறது. அடுத்து வந்தவர்கள் அதை நம்பி விட்டுவிட்டார்கள். அந்த மனிதருக்குக் காய்ச்சல் ஏறி, தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போய்ப் பிழைத்து வந்திருக்கிறார். பதிவு நடந்த நேரத்தில் இவள் வேறொரு நோயாளியோடு எக்ஸ்ரே அறை வாசலில் நின்றிருக்கிறாள். சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உன் டோக்கனில் பதிவாகியிருக்கிறது, மெஷின் பொய் சொல்லாது என்கிறார்கள்.

"வேலை நெருக்கடியில தெரியாம தட்டியிருப்பியோ?" என்றார் தையல்காரர்.

"நீயுமா அண்ணா?"

அவர் பாபினை மாற்றுவதுபோல் குனிந்துகொண்டார்.

கவனக்குறைவு என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்களாம். எழுதாவிட்டால் விசாரணை, அதன் பிறகு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேட்ரன் நல்லவிதமாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். "போடாத ஊசியப் போட்டேன்னு மெஷின் எழுதலாம். நான் எழுத மாட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பூட்டுக்காரம்மா, நீ அன்றைக்கு எங்கெங்கே உள்ளே நுழைந்தாய் என்று கேட்டாள். மருந்து வண்டியில் இருக்கும் டேப்பில், அந்தக் கைக் கம்ப்யூட்டரில், ஒவ்வொரு முறையும் விரல் வைத்தால்தான் திறக்குமாம். அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. வேறு? வார்டுச் சுவரில் ஒரு டேப் தொங்குகிறது. யாருக்கு எப்போது டியூட்டி, யாருக்கு எந்தக் கட்டில் என்று பார்ப்பதற்கு. ஷிஃப்ட் தொடங்கும்போது ஒருத்தர் தன் பெயரில் திறந்துவைத்தால் போதும், நாள் முழுக்க எல்லோரும் அதைப் பார்த்துக்கொள்வார்கள். அன்றைக்குத் திறந்துவைத்தது இவள்தான்.

"அப்படியே திறந்து போட்டுட்டா போவீங்க?"

"டியூட்டி சார்ட் தானே அண்ணி. நோயாளி பேர் அதுல தெரியும், ஆனா அதைத் தொட்டா அனுமதி இல்லேன்னு வரும். வேற எதுவும் திறக்காது."

"கடைசியா எப்போ தொட்டுப் பார்த்தே?"

நாத்தனார் யோசித்தாள். போன மாதம் மென்பொருளைப் புதுப்பித்தார்கள்; கம்பெனி பெயரைச் சொன்னாள், நாளைத் தள்ளச் சொன்ன அதே கம்பெனி. அதற்குப் பிறகு தொட்டுப் பார்க்கவில்லை. எதற்குத் தொட வேண்டும்? மருந்து வண்டி டேப்களையும் அதற்குக் கீழேதான் சார்ஜ் போட்டு வைக்கிறார்கள். துடைப்பதற்காகச் சுவர் டேப்பைக் கழற்றி அவற்றோடு வைப்பதும் உண்டு. பார்க்க எல்லாம் ஒரே அச்சு.

பூட்டுக்காரம்மாவின் கையிலிருந்த பட்டாணி தரையில் உருண்டது. அவசரத்தில் யாரோ மருந்து டேப் என்று நினைத்து, கழற்றிவைத்த சுவர் டேப்பை எடுத்திருக்க வேண்டும். புதுப்பித்த பிறகு டோக்கனில் கதவுகள் பட்டியலாக வருகின்றன. டியூட்டி சார்ட்டுக்கு மட்டும் என்று எழுதிய டோக்கன், மருந்துப் பதிவையும் திறந்திருக்கிறது. பக்கத்துக் கட்டிலுக்கு ஊசி போட்டவர் தவறுதலாக மூலைக் கட்டிலைத் தட்டியிருப்பார். தன் பெயரில் பதிவானதாகவே இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பார். யார்மேலும் கெட்ட எண்ணம் இல்லை. கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சொல்ல முடியவில்லை. வாயில் அவளே போட்ட பூட்டு. குறித்த நாள் விசாரணைக்குப் பிறகு வருகிறது. தரையில் சிதறிய பட்டாணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முடித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கம்பெனி மேலாளரிடம் மருத்துவமனையில் தன் நாத்தனாருக்கு நடந்ததைச் சொன்னாள். ஓட்டை ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது, இனி மூடி வைக்க முடியாது என்றாள். அவர் பதறவில்லை. அது தாக்குதல் இல்லையே, கைத்தவறுதானே என்றார். திருடன் நுழைந்தால்தான் விதிவிலக்காம்.

"விடக் கூடாத இடத்துல விட்டிருக்கு சார். உள்ள போனவங்க நல்லவங்களா கெட்டவங்களான்னு கதவு கேட்டா விட்டுது?"

"மேடம், சஸ்பெண்ட் ஆனது உங்க நாத்தனார். இதை வெளியில சொன்னா எப்படித் தெரியும்னு யோசிச்சுப் பாருங்க. சொந்தக்காரிக்காக வழக்கத்தை மீறிட்டாங்கன்னுதான் பேசுவாங்க."

அது தைத்தது. காரணம், அதில் பாதி உண்மை இருந்தது. மேலாளர் விடாமல் பேசினார். திருத்தம் வெளிவந்தால் பல மருத்துவமனைகளில் திரை அடைத்துக்கொள்ளும், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்றார். எங்கள் வக்கீல் எழுதுவார் என்றார். கடைசியில், உங்கள் லைப்ரரியையே நாங்கள் பிரதி எடுத்து எங்கள் பெயரில் வைத்துக்கொள்ள முடியும் என்றார்.

"தாராளமா எடுத்துக்குங்க, இலவசம்தான். ஓட்டையை மட்டும் விட்டுட்டு எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ஆனாலும் அந்தச் சொந்தக்காரி என்ற சொல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அவள் தன்னைத்தானே சோதனைக்கு உட்படுத்திப் பார்த்தாள். சஸ்பெண்ட் ஆனது முன்பின் தெரியாத நர்ஸாக இருந்தால் சொல்வேனா? சொல்வேன். அப்படியானால் நாத்தனார் என்பதற்காக வாயை மூடிக்கொள்வதுதான் தப்பு. ஆனால் தன் கணக்கை மட்டும் நம்பவும் அவள் தயாராக இல்லை. ஆளையும் இடத்தையும் சொல்லாமல், நடந்ததை மட்டும் கல்லூரி வாத்தியாருக்கு எழுதிக் கேட்டாள். ஓட்டை வழியாக ஒரு நோயாளிக்கு மருந்து விட்டுப்போயிருக்கிறது என்றால் இன்னும் எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்று அவர் பதில் போட்டார்.

இரகசியம் தெரிந்த அத்தனை பேருக்கும் எழுதினாள். ஓட்டை ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது, நாளைக் காலை வெளியிடுகிறேன். இது கேள்வி இல்லை, தகவல். திரை அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தை அவள் தள்ளிவிடவில்லை. அறிவிப்பிலேயே அதற்கும் வழி எழுதினாள். திருத்தம் போடும்வரை பொது இடத்தில் திறந்து கிடக்கும் டேப்களைக் கழற்றி வையுங்கள்; திருத்தம் போடுமுன் உங்கள் பட்டியல்களைச் சரிபாருங்கள். ஆட்சேபித்தது அந்த ஒரு கம்பெனிதான்.

காலையில் வெளியிட்டாள். பார்சல் கம்பெனிக்கு லீவு சொன்னாள். அன்றைக்குத்தான் விசாரணை. அறிவிப்பை வெளியிட்ட பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தாள். கேட்டு முடித்த தையல்காரர் தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், அவளுடைய சீருடையை எடுத்து இரண்டு தடவை இஸ்திரி போட்டார். "போய்ட்டு வாங்க. மாடி அம்மா கேட்டா இன்னைக்கு லைப்ரரி லீவுன்னு சொல்லிடறேன்" என்றார்.

விசாரணை அறையில் நீள மேசை. கண்காணிப்பாளர் டாக்டர், மேட்ரன், பணியாளர் பிரிவு அம்மாள், ஓரத்தில் மென்பொருள் கம்பெனி மேலாளர். துணைக்கு ஒருவர் வரலாம், ஆனால் பேசக் கூடாது என்றார்கள். பூட்டுக்காரம்மா கொண்டுவந்த அறிவிப்பைப் படிக்க மேலாளர் ஆட்சேபித்தார். பொதுவான ஓர் எச்சரிக்கை, இந்த மருத்துவமனைக்குப் பொருந்தும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

பேச முடியாதவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் நாற்காலியில் நிமிர்ந்தாள்.

வார்டுச் சுவரில் தொங்கும் டேப்பைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றாள். எதற்கு என்றார்கள். என் வேலையையே எடுக்கப் போகிறீர்கள், ஒரு டேப்பை எடுத்து வரக்கூடாதா என்றாள். கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, ஆளனுப்பினார். மருத்துவமனைக் கம்ப்யூட்டர் பிரிவு இளைஞர் டேப்போடு வந்தார். டியூட்டி சார்ட் திறந்தபடியே இருந்தது.

புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மருந்துப் பதிவில் ஒரு பொய் நோயாளி உண்டு; டியூட்டி சார்ட்டிலும் அந்தப் பெயர் தெரியும். அந்தப் பெயரைத் தொடச் சொன்னாள் நாத்தனார். இளைஞர் தொட்டார். அனுமதி இல்லை என்று வரவில்லை. மருந்துப் பக்கம் விரிந்தது. 'போடப்பட்டது' என்பதைத் தட்டச் சொன்னாள். தட்டினார். யார் போட்டதாக இருக்கிறது, சத்தமாகப் படியுங்கள் என்றாள்.

இளைஞர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேட்ரனின் பெயரைப் படித்தார்.

அன்று காலை டியூட்டி சார்ட்டைத் திறந்துவைத்தவர் அவர்தான். "நான் இங்கதானே உட்கார்ந்திருக்கேன்" என்றார் மேட்ரன், மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்தபடி.

"நானும் அப்படித்தான் மேடம், எக்ஸ்ரே ரூம் வாசல்ல நின்னுட்டிருந்தேன்."

கண்காணிப்பாளர் டேப்பை வாங்கித் தானே தட்டிப் பார்த்தார். பதிவில் மேட்ரன் இன்னொரு ஊசி போட்டார். பிறகு கண்காணிப்பாளர் மேலாளர் பக்கம் திரும்பி, இது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். ஒப்புக்கொண்ட கால வரம்புக்குள் என்று மேலாளர் தொடங்கினார். தெரியுமா தெரியாதா என்றார் கண்காணிப்பாளர். தெரியும் என்று பதில் வர அவ்வளவு நேரம் பிடித்தது.

சுவர் டேப்கள் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லி உத்தரவு போனது. நாத்தனாரிடம், போனது போகட்டும், நாளைக்கே வேலைக்கு வந்துவிடு, இதைப் பெரிது பண்ண வேண்டாம் என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பதிவு என்னுடையது இல்லை என்று எழுத்தில் வேண்டும், நோயாளியின் பதிவிலிருந்தும் என் பெயரை எடுக்க வேண்டும் என்றாள். அப்புறம் அனுப்பிவைக்கிறோம் என்றார் பணியாளர் பிரிவு அம்மாள்.

"பரவாயில்லை மேடம், இருந்து வாங்கிட்டுப் போறேன். என்னை சஸ்பெண்ட் பண்ணியிருக்கீங்க, எனக்கு வேற வேலை இல்லை."

தட்டச்சு ஆகும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மேட்ரனே தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். முதல் தாளில் 'மன்னிக்கப்பட்டது' என்று இருந்தது. நாத்தனார் அதைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தாளை வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்.

வக்கீல் கடிதம் சொன்னபடியே வந்தது. 'ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது' என்ற வாக்கியத்தை அறிவிப்பிலிருந்து நீக்க வேண்டுமாம். பூட்டுக்காரம்மா நீக்கவில்லை. அதற்கும் மசியாதவளிடம் கம்பெனி வேறு வழியில் வந்தது. லைப்ரரியின் பொதுப் பக்கத்தில் நயமாக ஒரு வேண்டுகோள் வைத்தது. பழைய வாடிக்கையாளர்களின் வசதிக்காக, முன்போலவே பட்டியலைக் கண்டுகொள்ளாமல் விடும்படி ஒரு சிறிய சுவிட்சை வைத்துத் தர இயலுமா? வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்வார்கள்.

அவள் தன் சோதனையை எடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். சமையலறைச் சாவிக்குக் கஜானா திறக்கவில்லை. பிறகு வேண்டுகோளுக்குக் கீழே 'முடியாது' என்று எழுதினாள். எழுதியதைப் படித்துப் பார்த்து, மரியாதை குறைவாக இருக்கிறதோ என்று யோசித்து, அதற்கு மேலே 'வணக்கம்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.